சோப்பு போகாத தண்ணீர்

கீசரைச் சுவரிலிருந்து இறக்கி, கீழ்மூடியைக் கழற்றி, சூடேற்றும் காயிலை வெளியே இழுக்கும்போது அந்த வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். காவேரித் தண்ணீர் வரும் வீடென்றால் காயில் கொஞ்சம் கறுத்திருக்கும், அவ்வளவுதான். போர்வெல்லில் எடுக்கும் போர் தண்ணீர் வீடென்றால் காயிலே கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றி முருங்கைக்காய் பருமனுக்கு வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். தட்டினால் சில்லு சில்லாக உதிரும். தொட்டியின் அடியிலிருந்தும் இரண்டு கைப்பிடி அள்ளலாம். பதினெட்டு வருடமாக பெங்களூரில் வீடு வீடாகப் போய் நான் செய்யும் வேலை இதுதான்.

எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்பு வரை ஸ்ரீராம்புரத்தில் படித்தபோதும் கடைசி பெஞ்சுதான். வேலைக்குப் போகும் வீடுகளில் “மெயின் ஆஃப் பண்ணுங்க”, “ஒரு பக்கெட் குடுங்க” என்று சொன்னால் போதும். மிச்சத்தைக் கை செய்துவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு பொம்மசந்திராவைத் தாண்டி உள்ளே ஒரு தெருவில் வாடகை வீடு எடுத்தோம். மனைவிக்கு அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எங்கள் தெருவுக்குக் காவேரிக் குழாய் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் போட்ட போர்தான் நாலு குடித்தனத்துக்கும். குழாய் மூக்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும். பக்கெட்டின் உள்பக்கம் சொரசொரவென்று இருக்கும். கண்ணாடியில் தெறித்த துளி துடைத்தாலும் போகாது. சட்டை காய்ந்தபிறகு அட்டை மாதிரி நிற்கும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதால், சமையலுக்கும் குடிக்கவும் மட்டும் முக்குரோட்டில் இருக்கும் காயின் மெஷினில் காசு போட்டு ஒரு கேன் பிடித்து வருவோம். குளிப்பது, துவைப்பது எல்லாம் போரில்தான். சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. திரிதிரியாக ஏதோ மிதக்கும். அதனால் என் மனைவி சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பாள். ஒரு கட்டி ஒரு வாரம் தாங்காது. அப்படித் தேய்த்துத் தண்ணீர் ஊற்றியதும் தோல் கரகரவென்று ஆகும். விரலை ஓட்டினால் சத்தம் கேட்கும். அதுதான் எங்களுக்குச் சுத்தம்.

எல்லோருடைய காயிலையும் சுத்தம் செய்கிற நான் என் வீட்டுத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் செய்ததில்லை. எங்கள் இருவருக்கும் அது பழகிவிட்டது. மகளும் அதில் வளர்ந்தவள்தான்.

மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. மனைவி மூன்று மாதம் லீவு சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில் மூன்று மாதம் இருக்கவேண்டும். அது முடிந்ததும் நாங்களே தொட்டில், துணிமணியோடு கொண்டுபோய் மாமியார் வீட்டில் விடவேண்டும். நடுவில் அவர்கள் வந்து கூட்டிப்போனால், தாய்வீட்டில் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆன அன்று சம்பந்தியம்மா நீலசந்திராவிலிருந்து வந்தார். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தைந்து வருடம் ஆயாவாக இருந்தவர். பாப்பாவை வாங்கியதும் சட்டையைக் கழற்றி, குப்புறப் போட்டு, முதுகில் ஒரு விரலை ஓட்டினார்.

“அண்ணி, இன்னா இது? பாப்பா முதுகு உப்புத்தாள் மாதிரி கீது.”

என் மனைவி, “தோலு உரியுது சம்பந்தி. மொதல்ல உரியும்னு சொன்னாங்களே” என்றாள்.

“அது பத்து நாள்ல உரிஞ்சு முடிஞ்சிடும். இது காஞ்ச தோலு. எத்தினி கொழந்தைய கழுவிக்கீறேன், எனக்குத் தெரியாதா? பாரு, முட்டிக்குப் பின்னாடி செவந்து கீது. கழுத்துலயும் கீது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, உங்க வூட்டுத் தண்ணி எப்பிடி?”

நான் தரையைப் பார்த்தேன். “போருங்க” என்றேன்.

“கீசர் மெக்கானிக்கு வூட்டுல போர் தண்ணியா? நல்லா கீது போ.”

மகள் சிரித்துவிட்டாள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை.

“இந்த ஞாயிறு வுட்டு அடுத்த ஞாயிறு வரேன். இப்பிடியே இருந்துச்சுன்னா ரெண்டு பேரையும் கூட்டினு போயிடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணி. எங்க வூட்ல காவேரித் தண்ணி.”

அவர் போனபிறகு என் மனைவி நெடுநேரம் பாத்திரம் கழுவினாள். பிறகு ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“ஏங்க, மூணு மாசம் முடியறதுக்குள்ள இட்டுனு போயிட்டாங்கன்னா நான் தெருவுல எப்பிடி நடப்பேன்?”

நான் துண்டை எடுத்து நீட்டினேன். தெருவை விடுங்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் பாப்பாவைக் கால்மணி நேரம் மடியில் வைத்துக்கொள்வேன். அந்தக் கால்மணி நேரம் போய்விடும் என்பதுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் பக்கத்து கிளினிக்குக் காட்டினோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் கடினமாக இருந்தால் இப்படி வரலாம், நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிப் பாருங்கள் என்று சொல்லி, தடவ ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார்.

நல்ல தண்ணீர் என்றால் காயின் மெஷின் தண்ணீர்தான். ஆனால் அது வெயில் காலம். மெஷின் பாதி நாள் ஓடாது. ஓடும் நாளில் வீட்டுக்கு ஒரு கேன் என்று வரிசையில் நிற்பவர்களே சட்டம் போட்டிருந்தார்கள். அன்று நான் இரண்டு கேனோடு நின்றேன். பின்னால் நின்ற ஒரு அம்மா கேட்டார்.

“ரெண்டா? வூட்ல விசேஷமா?”

“கொழந்தைக்கு... குளிக்க.”

“குடிக்கிற தண்ணில குளிப்பாட்டுறீங்களா? நாங்க இங்க நாக்கு வறண்டு நிக்கிறோம்.”

யாரும் சண்டைக்கு வரவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. ஒரு கேனை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அது சமையலுக்கே சரியாகப் போனது.

அப்போதுதான் அந்த அபார்ட்மென்ட் ஞாபகம் வந்தது. ஓசூர் ரோட்டில் நான் அடிக்கடி வேலைக்குப் போகும் இடம். அங்கேயும் போர் தண்ணீர்தான். ஆனால் பம்ப் ரூமில் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். சாப்ட்னர் என்பார்கள். அங்கே நான் கழற்றிய எந்தக் காயிலிலும் ஓடு கட்டியிருந்ததில்லை.

பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்பவர் கன்னடக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். நன்றாகத் தமிழ் பேசுவார். அன்று மாடியில் வேலை முடித்துவிட்டு அவர் ரூம் வாசலில் போய் நின்றேன். அவர் மீட்டர் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டு டீ குடித்தார். நான் அப்படியே நின்றேன்.

“ஏன்ணா, கம்பம் மாதிரி நிக்கிற? ஏனு பேக்கு? என்ன வேணும்?”

“தண்ணி” என்றேன்.

“குடிக்கவா?”

“கொழந்தைக்கு.”

ஒவ்வொரு வார்த்தையாக அவர்தான் என்னிடமிருந்து விஷயத்தை வாங்கினார். பிறகு, “இதுக்கா இவ்ளோ நேரம்? சும்னே நின்னியே. மெஷின்ல இருந்து வர்ற டெஸ்ட் குழாயில தினம் ரெண்டு கேன் புடிச்சிக்கோ” என்றார். நான் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் மெஷின் பக்கத்துத் தொட்டியில் ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். உப்பு. முழு மூட்டை உப்பு. எதற்கு என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஸ்கூட்டரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை அதைச் சுட வைத்தோம். என் மனைவி கீழே உட்கார்ந்து, காலை நீட்டி, பாப்பாவைக் கால்மேல் போட்டுக்கொண்டாள். மகள் தண்ணீர் ஊற்றினாள். எப்போதும் போல என் மனைவி சோப்பைத் தேய்த்தாள். நுரை பொங்கியது. பாப்பா நுரைக்குள் காணாமல் போய்விட்டது.

“ஐயோ, இங்க பாருங்க! பஞ்சு முட்டாய் மாதிரி இருக்கா!”

எனக்குப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அப்புறம் அவள் தண்ணீர் ஊற்றி அலசினாள். நுரை போனது. ஆனால் தோல் வழவழ என்றே இருந்தது. கரகரப்பு வரவில்லை.

“சோப்பு போகல. இன்னும் ஊத்து.”

மகள் ஊற்றினாள். என் மனைவி கையால் வழித்துத் தேய்த்தாள். திரும்பவும் ஊற்றி, திரும்பவும் தேய்த்தாள். பாப்பா வீறிட்டு அழுதது. இரண்டு கேனும் காலியாகும்வரை அது வழவழப்பாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பாசிப்பயறு மாவை எடுத்தாள். அது சோப்பை இழுத்துவிடும் என்றாள். அதற்கடுத்த நாள் மாவு, அதன்மேல் துணி வைத்துத் தேய்ப்பு. கடைசியில் கரகரப்பு வருவதற்காக ஒரு சொம்பு போர் தண்ணீரையும் ஊற்றினாள். கரகரப்பு வந்தது. “இப்பதான் சுத்தமாச்சு” என்றாள்.

ஒரு வாரத்தில் பாப்பாவின் உடம்பு முன்னைவிட மோசமாகிவிட்டது. முதுகில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. கை மடிப்பில் வெடிப்பு. இரவெல்லாம் சிணுங்கியது.

“எங்கிருந்து புடிச்சினு வரீங்க அந்தத் தண்ணிய? கெமிக்கலு ஏதாவது போடறாங்களா?” என்று என் மனைவி கேட்டாள்.

“மெஷின்ல வருது” என்று மட்டும் சொன்னேன். உப்பு மூட்டையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உப்புக் கொட்டிய தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்ட நானே கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வேலையில் ஒரு வீட்டில் வயரை மாற்றிப் பூட்டிவிட்டு, மறுபடி கழற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. வியாழக்கிழமை அந்த அபார்ட்மென்டுக்குப் போனேன். இந்தத் தடவை கேட்டே விடுவது என்று போனேன். கையில் கிரீஸ். டெஸ்ட் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினேன். கறுப்பு போனபிறகும் வழவழப்பு போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் பின்னாலிருந்து சிரித்தார். “சோப்பு போயி அரைமணி ஆச்சுண்ணா. இன்னும் தேச்சா தோலும் போயிடும்.”

“வழவழன்னு இருக்கே.”

“இந்த நீரு அப்பிடித்தான். புதுசா குடி வர்றவங்க எல்லாம் இந்த ஜாகாவுக்கு, இதே ரூமுக்கு வந்து கத்துவாங்க, சோப்பு போகலன்னு. கைய ஸ்வல்ப நேரம் காய வுட்டுப் பாரு. சோப்பு இருந்தா ஒட்டும்.”

கையை விசிறிக் காய வைத்தேன். விரலோடு விரலைத் தேய்த்தேன். ஒட்டவில்லை. மெத்தென்று இருந்தது.

“அப்ப போர் தண்ணில கரகரன்னு வருதே?”

“அதுதாண்ணா சோப்பு. சுண்ணாம்போட சேர்ந்து தோலு மேல ஒட்டினு நிக்குது. அது சுத்தம் இல்ல, அழுக்கு.”

உப்பையும் கேட்டேன். அது தண்ணீருக்குப் போடுவதில்லை, மெஷினுக்குள் சேர்ந்த சுண்ணாம்பைக் கழுவித் தள்ளுவதற்கு, கழுவிய உப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும் என்றார். இந்தத் தண்ணீருக்கு நாம் போடுகிற சோப்பில் கால்வாசி போதும் என்றும் சொன்னார்.

ஸ்கூட்டரை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பதினெட்டு வருடம் காயிலிலிருந்து நான் உடைத்துத் தள்ளிய அதே வெள்ளை, சோப்போடு சேர்ந்து எங்கள் தோலில் இருந்திருக்கிறது. நாங்கள் அதைத் தொட்டுப் பார்த்துச் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சோப்பே இல்லாத குழந்தையின் மேல் சோப்பைத் தேடி ஒரு வாரம் தேய்த்திருக்கிறோம். போதாததற்குக் கடைசியில் ஒரு சொம்பு போர் தண்ணீர்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி நம்பவில்லை.

“அம்பது வயசு ஆகப்போவுது எனக்கு. சோப்பு போச்சா போகலயான்னு என் கைக்குத் தெரியாதா?”

“காய வெச்சுப் பாரு.”

“கொழந்தைய காய வெக்கறதுக்கு அது என்ன வத்தலா?”

மகள்தான் என் பக்கம் பேசினாள். “அம்மா, மூணு நாள் அப்பா சொல்றபடி செய். அப்பா ஒரு விஷயத்த ரெண்டு தடவ சொல்லி நான் கேட்டதே இல்ல.”

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் சோப்பைக் கையில் ஒரே ஒரு தடவை உரசித் தடவினார்கள். மாவு கிடையாது. நாலு சொம்பு ஊற்றியதும் மகள் பாப்பாவைத் தூக்கிவிடுவாள். என் மனைவியின் கை அடுத்த சொம்புக்காக நீண்டபடி இருக்கும். பாப்பா இரவில் தூங்கியது. சிவப்பு கொஞ்சம் வெளுத்தது. ஆனால் இரண்டு நாளில் எவ்வளவுதான் மாறும்? வெடிப்பு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் கொடியிலிருந்த பாப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். நாங்கள் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா மாப்பிள்ளையோடு ஆட்டோவில் வந்தார். ஆட்டோவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டே உள்ளே வந்தார். பாப்பாவைப் பார்த்ததும் முகம் மாறியது.

“அண்ணி, போன தடவைக்கு இது ஜாஸ்தியால்ல கீது?”

என் மனைவி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சரி. குளிப்பாட்டி இட்டுனு போயிடறேன். தண்ணி கீதா?”

கேன் தண்ணீரைச் சுட வைத்திருந்தோம். அவரே பாத்ரூமில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். நான் வாசலில் நின்றேன். அவர் சோப்பை எடுத்து எங்களைப் போலவே தேய்க்கப் போனார். மகள், “அத்தே, கொஞ்சம் போதும்” என்றாள். அவர் கொஞ்சமாகப் போட்டார். பழகிய கை. பாப்பா அழவே இல்லை. நாலு சொம்பு ஊற்றினார். விரலால் தடவிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“சோப்பு போகல” என்று மறுபடி சொம்பை முக்கி, உள்ளங்கையால் முதுகைத் தேய்க்கப் போனார்.

“போதும்!” என்றேன்.

சத்தமாக வந்துவிட்டது. அவர் கை நின்றது. பாப்பாகூடத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

“சோப்பு போயிடுச்சுங்க. தேக்காதீங்க. நாங்க தேச்சுத் தேச்சுத்தான் இப்படி ஆச்சு. மொதல்ல தண்ணி தப்பு. அப்புறம் நல்ல தண்ணி கொண்டாந்தோம், கை தப்பு.”

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். காயிலில் ஓடு கட்டுவது, அது சோப்போடு சேர்ந்து தோலில் ஒட்டுவது, பம்ப் ரூம், உப்பு மூட்டை. அத்தனை வார்த்தை ஒன்றாக என் வாயிலிருந்து வந்ததில்லை.

“உப்பு மூட்டையா?” என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. “எங்கிட்ட மெஷினுன்னுதான சொன்னீங்க?”

“அது மெஷினுக்குப் போடற உப்பு.”

“வாங்க, வாங்க. உள்ள வெச்சுப் பேசிக்கிறேன்.”

சம்பந்தியம்மா பாப்பாவைத் துண்டில் சுற்றி மகளிடம் கொடுத்தார். நான் சொன்னபடி தன் கையை உதறிக் காய வைத்தார். விரலோடு விரலைத் தேய்த்தார். பிறகு துண்டை விலக்கிப் பாப்பாவின் தோளைத் தொட்டார். கொஞ்ச நேரம் தொட்டபடியே இருந்தார்.

“ஒட்டல” என்றார். என்னைப் பார்த்தார். “அண்ணனுக்குப் பேச வருமா? கல்யாணத்துல தலையத்தான் ஆட்டினாரு. நான் வாயே இல்லன்னு நெனச்சேன்.”

மாப்பிள்ளை சிரித்தார். எனக்கு மறுபடி காது சூடானது.

“எத்தினி நாளா இந்த மாதிரி கொஞ்சமா போடறீங்க?” என்று சம்பந்தியம்மா என் மகளைக் கேட்டார்.

“ரெண்டே நாள் அத்தே. இன்னிக்கு மூணு.”

“மூணு நாள்ல தோலு மாறாது.” அவர் யோசித்தார். “பத்து நாள் ஆவும். தினம் போன்ல காட்டு. முதுகக் காட்டணும், மூஞ்சிய இல்ல. மூஞ்சி எல்லாக் கொழந்தைக்கும் நல்லாத்தான் இருக்கும்.” மகனிடம் திரும்பினார். “ஆட்டோவ அனுப்பிடுடா. சாப்ட்டு பஸ்ஸுல போலாம்.”

பத்து நாளும் காட்டினோம். போனைப் பிடிப்பது என் வேலை. பதினோராம் நாள் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, தொட்டிலுக்கு என்ன நிறத் துணி வாங்குவது என்று கேட்டார். மூன்று மாதம் முடிந்துதான் நாங்கள் கொண்டுபோய் விட்டோம். இடது காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு திட்டு அப்போதும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ போன சத்தம் கேட்டதும் மகள் உள்ளே போனாள். பையைத் திறந்து பாப்பாவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள். பாதி ஈரமாகவே மடித்து வைத்திருந்தாள்.